எங்கேன்னு கேட்காதே... தூரமான்னு கேள்!

வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து 'எங்கே போறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "போற காரியம் விளங்குமாடா? 'எங்கே'ன்னு கேட்காதே, 'தூரமா'ன்னு கேளு!" என்பார்கள்.

சகுனம், மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதற்குள் ஒரு சூட்சுமம் தெரிகிறது. 'தூரமா?' என்று கேட்டால், 'ஆமா, திரும்பி வர ராத்திரி ஆயிடும்' என்று பதில் வரும். வீட்டில் கவலைப்படுகிறவர்களுக்கு அந்தத் தகவல் போதும். போகிற இடம் போகிறவனின் சொந்த விஷயம். அக்கறை உண்டு, துருவல் கிடையாது!

இந்த நாகரிகம் தெரியாத ஒரு ஜீவன் இப்போது நம் வண்டிகளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு டப்பா. சில சமயம் அதுகூட இல்லை, செல்போனுக்குள் ஓர் ஆப். எங்கே போனாய், எத்தனை மணிக்குப் போனாய், என்ன வேகம், எங்கே நின்றாய், எத்தனை நிமிஷம் நின்றாய்... எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருக்கிறது. டீ குடிக்க நின்றதும் கணக்கில் உண்டு.

நான் இருப்பது திருவெறும்பூரில். ஊர்ப் பெயரே ஒரு ரகசியப் பிரயாணத்தின் கதை. தாரகாசுரனின் தொல்லை தாங்காத தேவர்கள், அவனுக்குத் தெரியாமல் சிவனைக் கும்பிட எறும்பு உருவம் எடுத்துக்கொண்டு வந்தார்கள் என்கிறது ஸ்தல புராணம். எறும்புகள் வழுக்காமல் ஏறட்டும் என்று சுவாமியும் புற்றாக மாறிச் சற்றே சாய்ந்துகொடுத்தாராம். அவர்தான் மலைமேல் இருக்கும் எறும்பீஸ்வரர். அசுரனிடம் மட்டும் ஒரு ஜி.பி.எஸ். இருந்திருந்தால் புராணம் முதல் பக்கத்திலேயே முடிந்திருக்கும்!

மலையடிவாரத்தில் நடப்பது

அதற்காக 'கண்காணிப்பே வேண்டாம்' என்று கொடி பிடிக்க நான் தயாராயில்லை. ஏனென்றால் மலையை விட்டு இறங்கினால் தஞ்சாவூர் நெடுஞ்சாலை. பாய்லர் பிளான்ட் ஷிப்ட், துப்பாக்கித் தொழிற்சாலை ஷிப்ட், என்.ஐ.டி. மாணவர்கள், துவாக்குடி தொழிற்பேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் இதே ரோடு. இதன் நடுவே தூரத்துப் பஸ்கள் பறக்கும். பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சுமார் 14 கிலோமீட்டருக்கு சர்வீஸ் ரோடு வேண்டும் என்பது இந்தப் பக்கத்து ஜனங்களின் பல வருடக் கோரிக்கை. மதுரை உயர்நீதிமன்றக் கிளை வரை போன விவகாரம். எதிர்த்திசையில் டூவீலர் வருகிறது, நடுவில் ஒரு பாட்டி கீரைக்கட்டோடு கடக்கிறார், பின்னால் பஸ்காரர் ஏர்ஹாரன் அடிக்கிறார். இந்த ரோட்டில் தினமும் ஆபீஸ் போய்வருகிறவனுக்குப் பாதுகாப்பு என்ற வார்த்தையின் எடை தெரியும்.

மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். உயிர்ச்சேதம் 17,884. நாடு முழுக்க நூற்றுக்கு எழுபத்தோரு சாவுகளுக்கு எமன் அதிவேகத்தின் மேல் ஏறி வந்திருக்கிறான். செத்தவர்களில் நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர் டூவீலரில் போனவர்கள். அதாவது நம்மைப் போல டிபன் பாக்ஸை முன்னால் மாட்டிக்கொண்டு கிளம்புகிற ஆட்கள்.

ஆக, வேகமாக ஓடுகிற பெரிய வண்டியை யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால் நல்லதுதான். பஸ்ஸுக்குள் இருக்கிற கருவி உள்ளே உட்கார்ந்திருப்பவரைவிட, பஸ்ஸுக்கு முன்னால் ஸ்கூட்டரில் போகிறவருக்குத்தான் அதிகம் தேவை.

டப்பா வந்த கதை

2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. ஒரு பஸ் தலைநகரின் தெருக்களில் சுற்றிக்கொண்டிருந்தது, யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் 'பொது வாகனம் எங்கே ஓடுகிறது என்று தெரியவேண்டும், ஆபத்தில் அழுத்த ஒரு பொத்தான் வேண்டும்' என்ற பேச்சு வலுத்தது. 2016 நவம்பரில் மோட்டார் வாகன விதிகளில் 125எச் என்று ஒரு புது விதி சேர்ந்தது. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பஸ், டாக்ஸி, வேன் போன்ற பயணிகள் வாகனங்களில் இருப்பிடக் கருவியும் அவசரப் பொத்தானும் இருக்கவேண்டும் என்று ஆனது. டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் விலக்கு.

கருவி வேலை செய்கிற விதம் ரொம்ப சிம்பிள். மேலே செயற்கைக்கோள் சொல்லும் இடத்தை வாங்கிக்கொள்ளும். உள்ளே இருக்கும் சிம் மூலமாக அதைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். வேகம் மீறினால், சடாரென்று பிரேக் போட்டால், தாறுமாறாக வளைத்தால் புகார் சொல்லும். பாட்டரி ஒயரைப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் சின்ன பாட்டரியில் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்து, 'என்னைப் பிடுங்கிட்டாங்க' என்று கோள் மூட்டும்.

இதுவரை எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐம்பது உயிர்களைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற டிரைவர், ஓட்டுகிற நேரத்தில் கண்காணிக்கப்படுவது நியாயம். காமர்ஸ் படித்தவன் நான். எதையும் பற்று, வரவு என்று இரண்டு பத்தியாகத்தான் பார்ப்பேன். இது சுத்தமான வரவு.

பற்றுப் பத்திக்கு வருவோமா?

வாழவந்தான்கோட்டையில் மாட்டிய மாப்பிள்ளை

எங்கள் தெருவில் ஒரு நண்பர். கல்யாணத்துக்கு மாமனார் கார் வாங்கிக் கொடுத்தார். பெரிய மனசு. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டாக் கட்டாயமானபோது அதையும் மாமனாரே வாங்கி ஒட்டிக் கொடுத்தார். அதைவிடப் பெரிய மனசு! ஆனால் ஃபாஸ்டாக் கணக்கு இருப்பது மாமனார் செல்போன் நம்பரில். துவாக்குடியைத் தாண்டி ஒரு டோல்கேட் இருக்கிறது. பெயரைக் கவனியுங்கள், வாழவந்தான்கோட்டை. மாப்பிள்ளை அந்த டோல்கேட்டைத் தாண்டிய மறு நிமிஷம் மாமனாருக்கு எஸ்.எம்.எஸ். போகும். நாலாவது நிமிஷம் போன் வரும்.

"என்ன மாப்ளே, தஞ்சாவூர் பக்கமா? ஆபீஸ் லீவுங்களா?"

சிரித்துவிட்டோம், சரி. ஆனால் சிரிப்பு வராத கணக்கு ஒன்றும் உண்டு. நம் ஆர்.சி. புத்தக விவரமும் லைசென்ஸ் விவரமும் 'வாகன்', 'சாரதி' என்ற மத்திய அரசின் கணினித் தொகுப்புகளில் இருக்கின்றன. 2019 மார்ச்சில் இந்த விவரங்களை மொத்தமாக விலைக்குக் கொடுக்க ஒரு கொள்கையே போட்டார்கள். கம்பெனிகளுக்கு வருடத்துக்கு 3 கோடி ரூபாய், கல்வி நிறுவனங்களுக்கு 5 லட்சம். அந்த ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் இந்தத் தொகுப்புகளைப் பார்க்க அனுமதி தந்ததில் வருமானம் 65 கோடி ரூபாய். நாம் ரோடு வரி கட்டிப் பதிவு செய்த வண்டியின் விவரத்தில் இன்னொரு வரவு! அந்தரங்கம் பற்றிய எதிர்ப்பு கிளம்பியதில் 2020 ஜூனில் அந்தக் கொள்கையை வாபஸ் வாங்கினார்கள்.

இதில் பாடம் என்னவென்றால், தகவலைச் சேர்க்கும்போது சொன்ன காரணம் ஒன்று, சேர்த்த பிறகு முளைக்கும் காரணம் வேறு. கிணறு வெட்டினால் தண்ணீர் இறைக்க யாராவது வந்தே தீருவார்கள்.

தில்லைநகரில் இரண்டு மணி நேரம்

பெயர் போடாமல் எழுதச் சொன்ன இன்னொரு நண்பரின் கதை இது. மருந்துக் கம்பெனியில் ரெப். காலையில் பையைத் தூக்கினால் இரவு வரை டாக்டர் வீடு, மருந்துக்கடை, மறுபடி டாக்டர். கம்பெனி அவர் செல்போனில் ஓர் ஆப் போட்டுக் கொடுத்திருந்தது. எங்கே போகிறார், எத்தனை டாக்டரைப் பார்த்தார் என்று அது எழுதிக்கொள்ளும். வேலை நேரத்தில் நியாயம்தான். பெட்ரோல் படிக்கே அதுதான் சாட்சி.

ஒரு வெள்ளிக்கிழமை சொந்த வேலையாக லீவு எடுத்தார். ஆபீஸுக்கு லீவு. ஆப்புக்கு லீவு இல்லை!

திங்கள்கிழமை மீட்டிங்கில் ஏரியா மேனேஜர் திரையில் வரைபடத்தைப் போட்டார். "இவரைப் பாருங்க... லீவு நாள்லகூட தில்லைநகர்ல ரெண்டு மணி நேரம் டாக்டர் வேலை பார்த்திருக்கார். சபாஷ்! ஆமா, இது எந்த டாக்டர்? நம்ம லிஸ்ட்லயே இல்லையே?" என்று வரைபடத்தைப் பெரிதாக்கினார். திரையில் எழுத்துத் தெளிவாக வந்தது. குழந்தைப்பேறு சிகிச்சை மையம்.

கல்யாணமாகி ஆறு வருடம். பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லாமல், மனைவியும் அவரும் மட்டும் பேசி முடிவெடுத்துப் போன இடம். பன்னிரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்ததாம்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. பாராட்டத்தான் நினைத்தார். ஆப் பொய்யும் சொல்லவில்லை. தப்பு எங்கே என்றால், வேலைக்காகத் திறந்த கண்ணை வேலை முடிந்ததும் மூட யாருக்கும் தோன்றவில்லை. 'நான் ஒன்றும் தப்புப் பண்ணலையே, என்னை யார் பார்த்தால் என்ன?' என்று சொல்கிற இளைஞர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். மறைக்கிற எல்லாமே தப்பு இல்லை. டாக்டர் வீடு, வக்கீல் ஆபீஸ், அடகுக்கடை, வேறு வேலைக்கு இன்டர்வியூ... ஒரு மனுஷன் நிற்கிற இடங்களை வரிசையாக எழுதினால் அது அவன் ஜாதகத்தைவிடத் துல்லியமாக இருக்கும்.

நீதிமன்றம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24-ல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னார்கள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று. அரசாங்கம் அதில் கை வைக்கவேண்டுமென்றால் அதற்குச் சட்டம் இருக்கவேண்டும், நியாயமான தேவை இருக்கவேண்டும், தேவைக்கு மேல் ஓர் அங்குலமும் போகக்கூடாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே என்று நம் ஊரில் சொல்வதுதான் அந்த மூன்றாவது.

இன்னும் சுவாரஸ்யமான தீர்ப்பு 2024 ஜூலை 8-ல் வந்தது. போதைப்பொருள் வழக்கில் ஒருவருக்கு ஜாமீன். நிபந்தனை என்னவென்றால், அவர் கூகுள் மேப்பில் தன் இருப்பிடத்தை விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி குறித்துவைக்கவேண்டும். அப்படி ஒரு நிபந்தனை செல்லாது என்றது உச்சநீதிமன்றம். ஜாமீனில் இருப்பவரின் சொந்த வாழ்க்கையைப் போலீஸ் எந்நேரமும் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்க முடியாதாம்.

போதைப்பொருள் வழக்கில் ஜாமீனில் இருப்பவருக்குக் கிடைத்த இந்த நிம்மதி, லீவில் இருக்கும் ரெப்புக்குக் கிடையாதா ஸார்?

2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கம்பெனிகளின் முக்கியக் கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம். தகவலைக் காப்பாற்றத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். நல்லது. ஆனால் அதே சட்டத்தின் ஏழாவது பிரிவில் ஒரு சின்ன ஜன்னல். வேலை சம்பந்தமான காரியத்துக்கும், முதலாளியை நஷ்டத்திலிருந்து காப்பதற்கும், ஊழியரின் சம்மதம் கேட்காமலே தகவலைப் பயன்படுத்தலாம். 'வேலை சம்பந்தம்' எங்கே முடிகிறது என்பதைத்தான் நாம் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். ஏனென்றால் தில்லைநகர் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது.

கேஜ் வேறு, சி.ஐ.டி. வேறு!

பாய்லர் பிளான்ட்டில் வேலை பார்த்து ரிடையரான பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் இதையெல்லாம் புலம்பினேன். அவர் சொன்னது இது:

"பாய்லர்ல பிரஷர் கேஜ் இருக்கும் தம்பி. உள்ளே அழுத்தம் எவ்வளவுன்னு சொல்லும். அது இல்லாம பாய்லரை நாங்க தொடவே மாட்டோம். ஆனா ஆபரேட்டர் மத்தியானம் என்ன குழம்பு சாப்பிட்டான்னு கேஜ் சொல்லாது. சொன்னா அது கேஜ் இல்லே... சி.ஐ.டி!"

இரண்டு மணி நேரம் நான் படித்த சட்டப் பிரிவுகள் எல்லாம் இந்த ஒரு டம்ளர் காபியில் அடக்கம்.

கேஜ் மாதிரியான கருவிகள் உண்டு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் என்ஜினை விடாது. ஆனால் யாருக்கும் தந்தி அடிக்காது. உத்தமமான ஊமை!

ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல் புதிய ரகக் கார்களில் ஒரு கருவி கட்டாயம். கார் ஓடுகிறவரை அது வாயைத் திறக்காது. பெரிய விபத்து என்று தெரிந்தால் மட்டும் அவசர எண்ணான 112-க்குத் தானே போன் போடும். இடம், நேரம், வண்டி போன திசை ஆகியவற்றைச் சொல்லும். அதன் ஞாபகத்தில் இருக்கவேண்டியது கடைசி மூன்று இடங்கள்தான். மற்றதெல்லாம் தானே அழிந்துகொண்டிருக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். டிரைவர் நினைவிழந்து கிடந்தாலும் ஆம்புலன்ஸ் வரும். அவர் முந்தாநாள் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது.

அவ்வளவு தூரம் போவானேன்? உங்கள் செல்போனிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நடமாட்டத்தைப் பகிர மூன்று அளவுகள் உண்டு. 15 நிமிஷம், 1 மணி நேரம், 8 மணி நேரம். இரண்டாவது ஷிப்ட் முடித்து ராத்திரி கிளம்பும் பையன், ஒரு மணி நேரத்துக்கு அம்மாவுக்கு அனுப்புகிறான். வீட்டு வாசலில் ஸ்டாண்ட் போடுகிறான். அதோடு முடிந்தது. அம்மாவுக்கு நிம்மதி, பையனுக்குச் சுதந்திரம். பாட்டி சொன்ன 'தூரமா?' என்பதன் நவீன பதிப்பு இதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஆளைத் துரத்தாமலே உயிரைக் காக்க எத்தனையோ வழி இருக்கிறது. 2022-ல் ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் மட்டும் 50,029 பேர். ஹெல்மெட்டுக்கு சிம் கார்டு தேவையில்லை. விபத்து நடந்த இடங்களைப் பதிவு செய்ய சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய தகவல் தொகுப்பில் போலீஸ் விவரம் ஏற்றுகிறது. எந்த வளைவில் மறுபடி மறுபடி ரத்தம் சிந்துகிறது என்று அது காட்டும். மனுஷனைத் தொடராமல் இடத்தைத் தொடர்கிறது. 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அடிபட்டவன் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று அதில் யாரும் கேட்பதில்லை. எங்கள் சர்வீஸ் ரோடு வந்தால், அதுவும் கேட்காது!

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

கம்பெனி ஆப் போடச் சொன்னாலும், இன்ஷூரன்ஸ்காரர் 'எப்படி ஓட்டுறீங்கன்னு பார்த்து பிரீமியம் குறைக்கிறோம்' என்றாலும் (2022 ஜூலையிலிருந்து இதற்கு அனுமதி உண்டு), புதுக் காரில் கம்பெனியிலிருந்தே சிம்மோடு வந்தாலும், கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்:

1. எதற்காக இந்தக் கணக்கு? பெட்ரோல் படிக்கா, பத்திரத்துக்கா, பிரீமியத்துக்கா?

2. எந்நேரம் முதல் எந்நேரம் வரை? லீவு நாளில் தானாக நிற்குமா, நான் நிறுத்தவேண்டுமா?

3. யார் யார் பார்ப்பார்கள்? மேனேஜர் மட்டுமா, மீட்டிங் ஹாலே பார்க்குமா?

4. எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? அழிக்கிற தேதி என்ன?

5. வேறு யாருக்காவது கொடுப்பீர்களா, விற்பீர்களா?

வாயால் கேட்காதீர்கள், ஒரு மெயிலாகப் போடுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். மரியாதையாகக் கேட்கிற கேள்விக்கு எந்தக் கம்பெனியும் சீட்டைக் கிழிப்பதில்லை. பிள்ளையை ஏற்றிவிடுகிற பள்ளி வேன்காரரிடம் மட்டும் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: 'கருவி வேலை செய்யுதா அண்ணே? யாராவது அதைப் பார்க்கிறாங்களா?' அங்கே கண் மூடியிருந்தால்தான் ஆபத்து. அடுத்தவர் உயிர் கையில் இருக்கும் வரை கண் திறந்திருக்கட்டும். கடைசிப் பிள்ளை இறங்கியதும், வண்டி ஷெட்டுக்குப் போனதும் மூடட்டும். இதற்கு மேல் இதில் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது.

ரெப் நண்பர் கேட்டுவிட்டார். மீட்டிங் முடிந்து எல்லோரும் போன பிறகு, "ஸார், இந்த ரூட் கணக்கையெல்லாம் எத்தனை நாள் வெச்சிருப்பாங்க?" என்றார்.

மேனேஜர் கதவைப் பார்த்தார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார், குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களே ஹெட் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்க. பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க... என் போன்லயும் அது இருக்கு!"